வானில் விடும் பலூன் எங்கே வீழ்கிறது?

பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு, விழிப்புணர்வுப் பேரணி என எந்த நிகழ்ச்சியானாலும், இறுதியில் வண்ண வண்ணப் பலூன்களைக் கொத்தாக வானில் பறக்கவிடும் வழக்கம் நம் ஊர்களிலும் பரவி வருகிறது. நீண்ட சிகிச்சை முடிந்து குழந்தை வீடு திரும்பும் நாளிலும், மறைந்த அன்பர் ஒருவரின் நினைவு நாளிலும்கூடச் சில குடும்பத்தினர் இவ்வாறு செய்ய விரும்புகின்றனர். அவ்விருப்பத்தின் பின்னுள்ள அன்பையும் நன்றியையும் நாங்கள் நன்கு அறிவோம். ஆயினும், கையிலிருந்து விடுபட்ட பலூன் பின்னர் என்ன ஆகிறது என்பதை அறிந்துகொண்டால், அந்த அன்பை வேறு வழியில் வெளிப்படுத்தவே பலரும் விரும்புவர் என்று நம்புகிறோம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலே சென்றது கீழே வந்தே தீரும்

பலூன் மேலெழுவதற்குக் காரணம் எளியது. அதனுள் நிரப்பப்படும் ஹீலியம் அல்லது ஹைட்ரஜன் வாயு காற்றைவிட இலேசானது. நீரில் அமிழ்த்திய தக்கை மேலே வருவதுபோல, காற்றில் விட்ட பலூனும் மேலே செல்கிறது. உயரம் கூடக் கூட வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் வாயு விரிகிறது. ரப்பர் மேலும் மேலும் இழுபடுகிறது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் உயரத்தை எட்டும் பலூன், அங்குள்ள உறைகுளிரில் விறைத்துப் பல கீற்றுகளாகக் கிழிந்து சிதறும். இது நன்கு நிரப்பி, இறுகக் கட்டப்பட்ட பலூனின் கதை.

எல்லாப் பலூன்களும் அவ்வளவு உயரம் செல்வதில்லை. சரியாக நிரப்பப்படாதவை, முடிச்சில் கசிவுள்ளவை, கனமான நாடாவோ அட்டையோ கட்டப்பட்டவை பாதி வழியிலேயே வலுவிழந்து முழு உருவத்துடன் இறங்கிவிடும். சில மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் சிக்கிக்கொள்ளும். வானில் புள்ளியாகிக் கண்ணுக்கு மறைந்தது முற்றிலும் மறைந்துபோனதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அது எங்கே இறங்கும் என்பதைக் காற்றுத்தான் முடிவு செய்கிறது. திருவண்ணாமலையிலிருந்து வங்கக் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வீசினால், வேங்கிக்காலில் காலையில் விட்ட பலூன் ஐந்து மணி நேரத்திற்குள் கடலை அடைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது நிகழக்கூடியதே. காற்றின் திசை மாறினால் அதே பலூன் சவ்வாது மலைக் காட்டிலோ, ஏதோ ஓர் உழவரின் நிலத்திலோ, ஏரியிலோ போய் விழும். காற்று அசையாத நாளில் அண்ணாமலையின் சரிவிலும் வேங்கிக்கால் ஏரிக்கரையிலுமே விழக்கூடும். எங்கே விழுந்தாலும் அதைப் பொறுக்கி எடுக்க அங்கே ஒருவரும் காத்திருப்பதில்லை. குப்பைத் தொட்டியில் போடாத எப்பொருளையும் நாம் குப்பை எறிதல் என்கிறோம். மேல்நோக்கி எறிந்தாலும் அது குப்பை எறிதலே ஆகும்.

ரப்பர் இயற்கையானதுதானே?

பலூன் குறித்துப் பலரும் கேட்கும் முதல் வினா இது. ரப்பர் பலூன், ரப்பர் மரத்தின் பாலிலிருந்து செய்யப்படுவது உண்மை. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அம்மரங்கள் தோட்டம் தோட்டமாக வளர்கின்றன. 1824-ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக்காக முதன்முதலில் ரப்பர் பலூனைச் செய்ததும் அந்தப் பாலிலிருந்து கிடைத்த ரப்பரைக் கொண்டே. ஆனால், மரத்திலிருந்து வடியும் பால் அப்படியே பலூனாகிவிடுவதில்லை. அது கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கப்படுகிறது; நெகிழ்வும் உறுதியும் பெற கந்தகம் சேர்த்துச் சூடாக்கப்படுகிறது; வெயிலிலும் காற்றிலும் சிதையாதிருக்க வேறு வேதிப்பொருள்களும், அழகுக்குச் சாயங்களும் சேர்க்கப்படுகின்றன. எளிதில் சிதையாமல் இருப்பதற்காகவே பதப்படுத்தப்பட்ட பொருள், மண்ணில் விழுந்தவுடன் எளிதில் சிதையும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

ரப்பர் பலூன் மரத்தின் இலையைப்போல் மக்கிவிடும் என்ற கூற்று 1989-இல் பலூன் தொழில்துறையினர் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இக்கூற்றைப் பின்னர் சோதித்தனர். பலூன்களை நன்னீரிலும், உப்பு நீரிலும், ஆலைகளில் பயன்படும் உரக்குவியலிலும் 16 வாரங்கள் இட்டு வைத்தனர். நான்கு மாதங்களுக்குப் பின்னும் அவை தம் உருவத்தையும் அளவையும் பெரும்பாலும் இழக்காமலே இருந்தன. 'மக்கும் பலூன்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி வானில் விடலாகாது என்பதே இதன் பொருள். மெல்ல மெல்ல என்றேனும் ஒருநாள் அது மக்கலாம். அதுவரை அது தீங்கு செய்துகொண்டுதான் இருக்கும்.

வெள்ளித்தாள்போல் மின்னும் பலூன்களின் நிலை இன்னும் மோசம். அவை நைலான் அல்லது பாலியெஸ்டர் படலத்தின்மீது உலோகப் பூச்சு பூசப்பட்டவை. முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். அவற்றின் உலோகப் பூச்சு மின்சாரத்தைக் கடத்துவதால் மின்கம்பிகளில் உரசும்போது தீப்பொறி எழுந்து மின்தடையும் ஏற்படும். செயற்கைச் சுவாசக் கருவியும் குழந்தைகளுக்கான வெப்பப் பேழையும் இயங்கும் ஓர் இடத்தில் மின்தடை என்பது எத்தகையது என்பதை எங்களுடன் ஓர் இரவேனும் தங்கியிருந்த குடும்பத்தினர் அறிவர். பலூனுடன் கட்டப்படும் பளபளப்பான நாடாவும் பிளாஸ்டிக்கே. பலூன் சிதைந்தபின்னும் அந்த நாடா ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

உயிரினங்களுக்கு நேர்வது என்ன?

கடலில் விழுந்த பலூன் துண்டு நீரின் மேற்பரப்பில் மெல்ல அசைந்து மிதக்கிறது. ஆமையின் கண்ணுக்கு அது ஜெல்லி மீன்; பறவையின் கண்ணுக்கு அது கணவாய். நம் சோழமண்டலக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் உணவுகளில் ஜெல்லி மீனும் ஒன்று.

விழுங்கப்பட்ட ரப்பர் துண்டு என்ன செய்கிறது என்பதை 2019-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. இறந்துபோன 1,733 கடற்பறவைகளின் உடல்களை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பறவையின் வயிற்றில் கடற்குப்பை இருந்தது. அவ்வாறு விழுங்கப்பட்டவற்றுள் பலூன் போன்ற மென்மையான பொருள்களின் பங்கு நூற்றுக்கு ஐந்தே. ஆயினும், குப்பையை விழுங்கியதால் நேர்ந்த இறப்புகளுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு அவையே காரணம். கடினமான பிளாஸ்டிக் துண்டை விழுங்கும் பறவையைவிடப் பலூன் துண்டை விழுங்கும் பறவை இறப்பதற்கான வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என அவர்கள் கணக்கிட்டனர்.

இதன் காரணத்தை மருத்துவ மொழியில் சொன்னால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். கடினமான சிறு துண்டு குடல் வழியே நகர்ந்து வெளியேறிவிடக் கூடும். மென்மையான ரப்பரோ வளைந்து நெளிந்து, குடலின் வடிவத்திற்கேற்பத் தன்னைப் பொருத்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. இதுவே குடலடைப்பு. மனிதருக்கு நேர்ந்தால் உடனே அறுவை அரங்கிற்கு எடுத்துச் செல்கிறோம். பறவைக்கும் ஆமைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. வயிறு நிறைந்திருப்பதாக உடல் நினைக்க, உள்ளே உணவு இறங்காமல் பட்டினியால் மெல்ல மெல்ல அவை இறக்கின்றன.

கடல் தொலைவில் இருக்கிறது; நமக்கென்ன என்று எண்ண வேண்டா. நிலத்தில் மேயும் கால்நடைகளுக்கும் இதே இடர் உண்டு. மாடு உதட்டாலும் நாவாலும் வளைத்து இழுத்து விழுங்கும் இயல்புடையது. புல்லுடன் சேர்ந்து வரும் பொருளைப் பிரித்துத் துப்பும் திறன் அதற்குக் குறைவு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவு அறுவை மூலம் அகற்றப்பட்ட செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அது பலூனால் மட்டும் நேர்ந்ததன்று. நாம் எறியும் எல்லாவற்றாலும் நேர்ந்தது. அந்தக் கணக்கில் பலூனும் நாடாவும் சேர்கின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நம் ஊரைச் சுற்றிலும் மாடும் ஆடும் மேய்ந்தே பிழைக்கும் குடும்பங்கள் பல. மலையடிவாரக் காட்டிலோ புள்ளிமான்கள் திரிகின்றன. நாடா காலில் சுற்றிக்கொண்ட கொக்கும் நாரையும் தாமே அதை அவிழ்த்துக்கொள்ள இயலாது.

நல்ல நோக்கம் மட்டும் போதுமா?

இவ்வினாவுக்கு உலகம் கண்ட பெரும் பாடம் ஒன்று உண்டு. 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக ஏறத்தாழ 15 இலட்சம் ஹீலியம் பலூன்கள் ஒரே நேரத்தில் விடப்பட்டன. உலக சாதனை படைப்பதும் அமைப்பாளர்களின் விருப்பம். பலூன்கள் மேலெழுந்தபோது மழையுடன் குளிர்காற்றும் சூழ்ந்தது. உயரே சென்று மறையும் என்று எண்ணிய பலூன்கள் வாயு நிறைந்த நிலையிலேயே நகரின்மீதும் அருகிலிருந்த ஈரி ஏரியின்மீதும் கவிழ்ந்தன. விமான நிலையம் ஒன்றின் ஓடுபாதையை மூட நேர்ந்தது. ஏரியில் காணாமற்போன மீன்பிடிப் படகினர் இருவரைக் கடலோரக் காவற்படை தேடிக்கொண்டிருந்த வேளை அது. நீரெங்கும் மிதந்த பலூன்களுக்கிடையே மனிதத் தலை எது, பலூன் எது என்று பிரித்தறிய இயலாமல் தேடுதல் தடைப்பட்டது. அவ்விருவரும் பின்னர் உயிரற்ற நிலையிலேயே கரை ஒதுங்கினர். தீய நோக்கம் உடையவர் ஒருவரும் அங்கே இல்லை. நல்ல காரியத்திற்காக மகிழ்வுடன் கூடியவர்களே அனைவரும்.

அதன்பின் பல நாடுகள் பாடம் கற்றன. ஐரோப்பாவின் தென்முனையிலுள்ள ஜிப்ரால்டரில், மக்கள் தொகையைக் குறிக்கும் வகையில் 30,000 சிவப்பு, வெள்ளைப் பலூன்களைத் தேசிய நாளில் விடுவது பல ஆண்டு மரபாக இருந்தது. கடல்வாழ் உயிரினங்களைக் கருதி 2016-இல் அம்மரபு நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் வர்ஜீனியா, மேரிலாந்து, ஹவாய் முதலிய மாநிலங்கள் பலூன் விடுவதைத் தடை செய்தன. புளோரிடா மாநிலத்தில் குறைந்த எண்ணிக்கையிலான பலூன்களுக்கும் 'மக்கும்' பலூன்களுக்கும் முன்பிருந்த விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில், பலூனைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சியும் இடம்பெற்றுள்ளது. குச்சிக்கு வந்த தடை பலூனைக் கட்டும் நாடாவுக்கும் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் வாயு

பறக்கும் பலூன் சுற்றுச்சூழலுக்கு மட்டுமன்று, சுற்றி நிற்பவர்க்கும் தீங்கு செய்யக்கூடும். ஹீலியம் எரியாத வாயு. ஆனால் விலை மிகுந்தது. ஆகவே, திருவிழாக்களிலும் தெருவோரத்திலும் பல இடங்களில் அதற்கு மாற்றாக ஹைட்ரஜன் நிரப்பப்படுகிறது. பழைய இரும்பு உருளையில் எரிசோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் நீருடன் சேர்த்து அதனை உண்டாக்குவோரும் உளர். ஹைட்ரஜன் ஒரு சிறு பொறிக்கே தீப்பற்றும் இயல்புடையது. பார்வைக்கு இரண்டு பலூன்களுக்கும் வேறுபாடு தெரியாது.

2020 செப்டம்பரில் சென்னை பாடியில் நடந்த ஒரு கட்சி நிகழ்ச்சியில், வானில் விடுவதற்காக வைத்திருந்த வாயு பலூன்கள் பட்டாசுப் பொறி பட்டு வெடித்ததில் பலர் தீக்காயமுற்றனர். 2012 மே 4 அன்று ஆர்மீனியாவின் தலைநகரான யெரெவானில் நடந்த கூட்டத்தில் இவ்வாறே பலூன் கொத்து தீப்பற்றி 140-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 2022 அக்டோபர் 2 அன்று திருச்சிக் கோட்டைவாசல் பகுதியில் பலூன் வியாபாரியின் வாயு உருளையே வெடித்து ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமிக் கிரிவலத்திற்கும் இலட்சக்கணக்கானோர் கூடும் நம் ஊரில், அகல் விளக்கும் கற்பூரமும் எரியும் கூட்டத்தின் நடுவே வாயு பலூன் கொத்து ஒன்று நகர்ந்து செல்வது எத்தகைய இடர் என்பதை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய தீக்காயம் பெரும்பாலும் முகத்திலும் கைகளிலும் ஏற்படும். உடனடியாகக் காயத்தின்மீது குளாய் நீர் இருபது நிமிடம் ஓடட்டும். பற்பசை, மாவு, மை, மஞ்சள், பனிக்கட்டி எதையும் வைக்க வேண்டா. தூய துணியால் தளர்வாக மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். தேவையெனில் 108-ஐ அழையுங்கள்.

ஹீலியம் எரியாது என்பதால் அது முற்றிலும் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. குரல் மாறுவதைக் கேட்டு மகிழ்வதற்காக அதை உள்ளிழுக்கும் பிள்ளைகள் உண்டு. நுரையீரலில் ஹீலியம் நிறையும்போது உயிர்வளிக்கு இடமில்லாமற்போகிறது. சில மூச்சுகளிலேயே மயக்கம் வரலாம். உருளையிலிருந்து நேரே உள்ளிழுத்தால் அதன் அழுத்தம் நுரையீரலைக் கிழித்துவிடும், உயிருக்கே இடர்.

இதில் மருத்துவத்திற்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆராய்ந்தார். அந்தக் கிரகண ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே ஹீலியம் என்னும் தனிமம் இருப்பது அறியப்பட்டது. இன்று காந்த அதிர்வுப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் உள்ளே இருக்கும் காந்தச் சுருளைப் பூச்சியத்திற்குக் கீழ் 269 பாகை செல்சியஸ் வரை குளிர்விப்பது நீர்ம ஹீலியமே. நிலத்தடி இயற்கை வாயுவுடன் கிடைக்கும் இவ்வாயுவை இந்தியா பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. வானில் கலந்த ஹீலியம் காலப்போக்கில் புவியின் ஈர்ப்பையும் கடந்து விண்வெளிக்குச் சென்றுவிடும்; அதைத் திரும்பப் பெற வழியில்லை. மொத்தப் பயன்பாட்டில் பலூனின் பங்கு பெரிதன்று. எனினும், ஒருவரின் மூளைக் கட்டியைக் கண்டறிய உதவும் அருபொருளை ஒரு மணி நேர அலங்காரத்திற்குச் செலவிடுவது பொருத்தமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

மருத்துவமனைக்குள் பலூன் வேண்டாவே

நோயுற்ற குழந்தையைப் பார்க்க வருவோர் அன்புடன் பலூன் வாங்கி வருகின்றனர். அதனை வாயிலிலேயே விட்டுவரச் சொல்லும்போது சிலர் வருந்துவதும் உண்டு. அதற்கான காரணங்களையும் இங்கே கூறிவிடுகிறோம்.

முதற்காரணம் ஒவ்வாமை. ரப்பர் பாலிலுள்ள சில புரதங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் அரிப்பு, தடிப்பு, தும்மல், கண்ணில் நீர் வடிதல் எனத் தொடங்கி, மூச்சிரைப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரை செல்லக்கூடும். பலமுறை அறுவை செய்துகொண்டவர்கள், பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைகள், ரப்பர் கையுறையை நாள்தோறும் அணிவோர் ஆகியோருக்கு இந்த ஒவ்வாமை அதிகம் காணப்படுகிறது. இவர்களுள் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது. பலூனை ஊதும்போதோ பலூன் வெடிக்கும்போதோ உங்களுக்கு இத்தகைய தொல்லை வந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

இரண்டாவது காரணம் மூச்சடைப்பு. ஊதப்படாத பலூனையும் வெடித்த பலூனின் துண்டையும் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்புவர். மெல்லிய ரப்பர் மூச்சுக்குழாய் வாயிலில் படலமாக ஒட்டிக்கொண்டால் அதனை வெளிக்கொணர்வது மிகக் கடினம். கடலாமையின் குடலில் நிகழ்வதுதான் இங்கே குழந்தையின் தொண்டையில் நிகழ்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஊதாத பலூனைத் தரலாகாது. வெடித்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும்.

குழந்தை சத்தத்துடன் இருமினால், இருமட்டும், தடுக்காதீர்கள். இருமவும் அழவும் இயலாமல் திணறினால், உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின், தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் கவிழ்த்துத் தட்டி, பின் மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தையாயின், பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். குழந்தை நினைவிழந்தால் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டா. அது இன்னும் உள்ளே தள்ளப்பட்டுவிடும்.

மாற்று என்ன?

பலூனே கூடாது என்று நாங்கள் கூறவில்லை. காற்றடித்து, கையில் பிடித்து, விளையாடி முடித்தபின் குப்பைத் தொட்டியில் சேர்க்கும் பலூனால் ஆமைக்கோ மாட்டிற்கோ தீங்கில்லை. கிரிவலப் பாதையில் பலூன் விற்றுப் பிழைப்போரின் வாழ்வும் நமக்கு முக்கியமே. வாயு நிரப்பாத பலூனை, பருத்தி நூலில் கட்டித் தரும்படி கேட்டு வாங்கலாம். பனையோலைக் காற்றாடியையும் காகிதக் காற்றாடியையும் கேட்டு வாங்கினால், அவற்றையும் அவர்கள் கொண்டுவருவர். பலூனுக்கு மாற்றாக, தீ எரியும் காகித விளக்குகளை வானில் விடுவதும் ஏற்றதன்று. காய்ந்த மலைச்சரிவிலும் கூரை வீட்டிலும் விழுந்து அவை தீ மூட்டக்கூடும்.

சிகிச்சை முடிந்த மகிழ்வைக் கொண்டாட வேறு எத்தனையோ வழிகள் உள்ளன. வீட்டு வாயிலில் அரிசிமாக் கோலமும் மாவிலைத் தோரணமும் இடலாம். அந்த மாவு எறும்புக்கும் உணவாகும். குழந்தையின் கையால் ஒரு புங்கங்கன்றோ வேப்பங்கன்றோ நடச் செய்து, ஆண்டுதோறும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். உடல்நலமுள்ள உறவினர்கள் குருதிக்கொடை அளிக்கலாம். வேறொரு வீட்டில் அதே மகிழ்ச்சி நிகழ அது உதவும்.

அன்பரை இழந்த குடும்பத்தினருக்குச் சொல்வது சற்றுக் கடினம். பலூன் மேலே மேலே செல்லும்போது, நம் சொல்லும் அதனுடன் அவரிடம் சென்று சேர்வதாக மனம் ஆறுதல் கொள்கிறது. அந்த ஆறுதலை நாங்கள் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவர் பெயரை எழுதிய அட்டை ஓர் ஏரிக்கரையில் சேற்றில் கிடப்பதையோ, அதன் நாடாவில் ஒரு பறவை சிக்கித் தவிப்பதையோ அவர் விரும்புவாரா என்று எண்ணிப் பாருங்கள். அவர் பெயரில் ஏற்றும் ஓர் அகல் விளக்கு, பசித்தோர்க்கு அளிக்கும் ஒருவேளை உணவு, பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் ஒரு புத்தகம் ஆகியவை நம் முன்னோர் நமக்குக் காட்டிச் சென்ற வழிகள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

எத்தகைய பலூனையும் வானில் விட வேண்டா. 'மக்கும்' என்று எழுதியிருந்தாலும் வேண்டா.

வாயு நிரப்பிய பலூனை விளக்கு, ஊதுவத்தி, பட்டாசு, அடுப்பு ஆகியவற்றின் அருகிலோ, மூடிய வாகனத்திலோ, மின்தூக்கியிலோ கொண்டுசெல்ல வேண்டா.

விழா முடிந்ததும் பலூனைக் கிழித்துக் காற்றை வெளியேற்றி, நாடாவைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

வயலிலோ ஏரிக்கரையிலோ விழுந்து கிடக்கும் பலூனைக் கண்டால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். வாயு இன்னும் உள்ளிருப்பதாகத் தோன்றினால் தீயருகே கொண்டுசெல்லாதீர்கள்.

மின்கம்பியில் சிக்கிய பலூனைக் கோலால் தள்ளவோ நாடாவைப் பற்றி இழுக்கவோ முயலாதீர்கள், மின்வாரியத்திற்குத் தெரிவியுங்கள்.

பள்ளி, சங்கம், அலுவலகம் ஆகியவற்றில் விழா ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்களிடம் வரும்போது, பலூன் விடும் நிகழ்வைத் தவிர்த்து மேற்கண்டவற்றுள் ஒன்றைப் பரிந்துரையுங்கள்.

நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தல் மருத்துவத்தின் முதல் நெறி. அந்நெறி மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் அடங்கிவிடுவதன்று. இங்கிருந்து நலம் பெற்று வீடு திரும்பும் ஒருவரின் மகிழ்ச்சி, வேறோர் உயிரின் நோய்க்குக் காரணமாகாதிருக்கட்டும்.